கண்ணும் ஏடும்: ஷோட்ஹோண் பொலிகாளைகளின் மதிப்பீட்டு வரலாறு

வரலாறு பயில்வோர்க்குச் சான்று பற்றிய ஐயம் புதிதன்று. கண்முன் நிற்கும் பொருள் ஒன்றைக் கூற, அதனைப் பற்றி எழுதப்பட்ட ஏடு வேறொன்றைக் கூறுமாயின் எதனை நம்புவது என்னும் வினா நம் துறையிலே நாள்தோறும் எழுவதாகும். இதே வினா, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக, இங்கிலாந்தின் கால்நடை ஏலக் களங்களிலும் எழுந்துவந்துள்ளது. பொலிகாளை ஒன்றை வாங்கவந்தவன் அதன் உடலை நோக்கி விலை கூறுவதா, அதன் வம்சாவளியை நோக்கி விலை கூறுவதா? ஷோட்ஹோண் எனப்படும் குறுங்கொம்பு மாட்டினத்தின் வரலாறு இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறே எனலாம்.

இவ்வினம் இங்கிலாந்தின் வடகிழக்கிலே, ரீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே உருப்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கைத்தொழில் நகரங்கள் பெருகின. இறைச்சியின் தேவை உயர்ந்தது. குறைந்த காலத்தில் வளர்ந்து கொழுக்கும் மாடு உழவனுக்கு ஆதாயம் தருவதாயிற்று. இச்சூழ்நிலையிலேயே டார்லிங்டன் நகருக்கு அண்மையில் வாழ்ந்த சாள்ஸ் கொலிங், றொபேட் கொலிங் என்னும் சகோதரர்கள் தெரிந்தெடுத்த இனவிருத்தியில் ஈடுபட்டனர்.

அக்காலத்து மதிப்பீடு கண்ணாலும் கையாலும் செய்யப்பட்டது. முதுகு அகன்று சமமாயிருத்தல், விலா எலும்புகள் நன்கு வளைந்திருத்தல், மார்பு ஆழ்ந்திருத்தல், கால்கள் குறுகியிருத்தல் ஆகியன நோக்கப்பட்டன. இவற்றினும் மேலாகக் கருதப்பட்டது தோலின் மென்மையாகும். விலாவின்மேல் விரல்களை அழுத்தி, தோல் தளர்ந்து மெத்தென்றிருப்பின் அவ்விலங்கு எளிதிற் கொழுக்கும் எனத் துணிந்தனர். கொலிங் சகோதரர் கைக்கொண்ட ஹபக் என்னும் காளை உருவிற் சிறியது. எனினும் தோலின் மென்மையால் அது புகழ்பெற்றது.

சாள்ஸ் கொலிங் தாம் கண்ட நற்பண்புகளை நிலைநிறுத்த நெருங்கிய உறவு விலங்குகளையே இணைத்தார். 1804இல் பிறந்த கொமெற் என்னும் காளை இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் தந்தை பேவரிற். பேவரிற் தன் தாயான பீனிக்ஸுடன் இணைந்து ஈன்ற நாகே கொமெற்றின் தாய். உறவற்ற பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகள் இணைந்து ஈனும் கன்றின் அகவிருத்திக் குணகம் 0.25 ஆகும். 1920களிலே சுவல் றைற் என்னும் அமெரிக்க மரபியலறிஞர் கணித்தபோது கொமெற்றின் குணகம் ஏறத்தாழ 0.47 எனப் பெறப்பட்டது. அதே கொலிங், கலோவே இனப் பசுவொன்றின் குருதியையும் தம் மந்தையின் ஒரு கிளையிற் கலந்திருந்தார் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தூய குருதி என்னும் கோட்பாடு அவரிடத்து இருந்ததில்லை. வேண்டிய உருவத்தைப் பெறுதலே அவர் நோக்கம்.

1810 ஒக்ரோபரில் கெற்றன் என்னும் அவரது பண்ணையில் நடைபெற்ற ஏலம் இவ்வரலாற்றின் முதற் திருப்புமுனையாகும். 47 விலங்குகள் 7,115 பவுணுக்கு மேல் விலைபோயின. கொமெற் மட்டும் 1,000 கினிகளைப் பெற்றது. அஃது ஏலத்தொகையின் ஏழிலொரு பங்குக்குச் சற்று அதிகமாகும். தனியொருவர் அல்லர், நால்வர் கூட்டாகச் சேர்ந்து அதனை வாங்கினர். அவ்விலை இறைச்சிக்கான விலையன்று. பிறக்கப்போகும் கன்றுகளுக்கான விலை. இந்நிலையில், ஒரு கன்று மெய்யாகவே கொமெற்றின் வழிவந்ததா என்பது பணமதிப்புள்ள வினாவாயிற்று.

அவ்வினாவுக்கு விடையாக 1822இல் ஜோர்ஜ் கோற்ஸ் தம் மந்தைப் பதிவேட்டின் முதற் தொகுதியை வெளியிட்டார். மாட்டினம் ஒன்றுக்கு உலகில் முதன்முதலாக அச்சான வம்சாவளி ஏடு இதுவேயாகும். இவ்வேடு பொய்யுரையைத் தடுப்பதற்குத் தோன்றிய சாட்சி. ஆயின் சாட்சியாகப் பிறந்தது காலப்போக்கில் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தது.

இம்மாற்றத்திற் பெரும்பங்கு கொண்டவர் தோமஸ் பேற்ஸ் ஆவார். கெற்றன் ஏலத்திலே 183 கினிகளுக்கு இவர் வாங்கிய நாகிலிருந்து டச்சஸ் என்னும் புகழ்பெற்ற குடும்பம் கிளைத்தது. 1831இல் பெல்வெடியர் என்னும் காளையை அதன் வம்சத்தை முதன்மையாகக் கருதியே இவர் வாங்கினார். அதனை அதன் மகளுடனேயே இணைத்துப் பெற்ற காளை 1839இல் ஒக்ஸ்போட் கண்காட்சியிற் பரிசு பெற்றது. இவ்வெற்றி குருதியின் வெற்றியாகப் போற்றப்பட்டது. ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் மிக நெருங்கிய இணைவுகளைச் செய்த பேற்ஸ், அடுத்த பதினேழு ஆண்டுகளில் மும்முறை புறக்குருதியைச் சேர்த்தார் என்றும், கருவளம் குன்றியமையே அதற்குக் காரணமெனக் கூறப்படுகின்றதென்றும் டார்வின் 1868இல் எழுதினார்.

1849இல் பேற்ஸ் மறைந்தபின் டச்சஸ் என்னும் பெயர் மேலும் ஒளிபெற்றது. 1873 செப்ரெம்பரில் நியூயோர்க் மாநிலத்து ஏலமொன்றில் அக்குடும்பப் பசுவொன்று 40,600 டொலருக்கு விலைபோயிற்று. குடும்பப் பெயர் தாய்வழியாலே வழங்கப்பட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். தாயின் பங்கு இரண்டிலொன்று. பாட்டியின் பங்கு நான்கிலொன்று. ஆறு தலைமுறைக்கு முந்திய மூதாயின் பங்கு சராசரியாக அறுபத்துநான்கிலொன்றே. இடையில் வந்த காளைகள் வேறாயின் புகழ்பெற்ற மூதாயிடமிருந்து எஞ்சுவது பெரும்பாலும் பெயர் மட்டுமேயாகும். வாங்குவோர் அப்பெயருக்கே விலை கொடுத்தனர். அரிதாகிய பொருளுக்கு விலை ஏறும். டச்சஸ் பசுக்கள் அரிதானமைக்குக் கருவளக் குறைவும் ஒரு காரணமென்பது இவ்வரலாற்றின் முரண்களில் ஒன்று.

இப்போக்கினுக்கு மறுப்பு ஸ்கொத்லாந்திலிருந்து வந்தது. அபடீன் பகுதியிலே சிற்றிற்றன் பண்ணையை நடத்திய ஏமொஸ் குறூக்‌ஷாங்க், குளிர்நாட்டுக் குத்தகை உழவர்க்கு வேண்டிய உறுதியான, விரைவிற் கொழுக்கும் மாட்டையே நாடினார். 1858இல் அவர் பெற்ற லங்காஸ்ரர் கொமெற் என்னும் காளை, பெரிய கொம்புகளும் தலையும் கொண்டிருந்தமையால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அது சில கன்றுகளையே தந்தது. அவற்றுள் ஒன்றே 1859இற் பிறந்த சம்பியன் ஒப் இங்கிலண்ட். இதுவும் கண்காட்சியில் மேன்மை பெறவில்லை. எனினும் குறூக்‌ஷாங்க் அதனை விலக்காது வைத்திருந்தார். அதன் கன்றுகளைக் கண்டபின் தம் மந்தை முழுவதையும் அதன்மீதே கட்டியெழுப்பினார். பின்னர் உலகெங்கும் பரந்த ஸ்கொத்லாந்து வகை ஷோட்ஹோணுக்கு இக்காளையே அடித்தளமாயிற்று.

இந்நிகழ்ச்சி ஏட்டைத் தள்ளிக் கண்ணை உயர்த்திய கதையன்று. கண் இக்காளையையும் அதன் தந்தையையும் ஏற்கவில்லை. ஏடோ இவ்விளைவை முன்னறிவிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது சாட்சி ஒன்று இருந்தது. அதுவே வழித்தோன்றல்களாகும். இருபதாம் நூற்றாண்டிலே வளர்ந்த சந்ததிச் சோதனையும் இனவிருத்திப் பெறுமான மதிப்பீடும் குறூக்‌ஷாங்க் பொறுமையுடன் செய்ததை எண்களாற் செய்கின்றன.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்றும் இதனை வலியுறுத்துகின்றது. 1990களின் இறுதியில் அமெரிக்காவிலே ஷோட்ஹோண் வழிக் கன்றுகள் சில, பின்னங்கால் எலும்பு உருவாகாமற் பிறந்து இறந்தன. இப்பின்னடைவுக் குறைபாட்டைக் காவும் காளை தோற்றத்திற் குறையற்றதாகவே இருக்கும். காவிகள் இரண்டு இணையும்போது சராசரியாக நான்கிலொரு கன்றிலேயே குறை வெளிப்படும். கண் இங்கு உதவவில்லை. வம்சாவளி ஏட்டைப் பின்னோக்கித் தொடர்ந்தமையாற் பொது மூதாதையை அடையாளம் காண இயன்றது. பரம்பரையலகுச் சோதனை ஒவ்வொரு விலங்கின் நிலையையும் உறுதிசெய்தது.

எனவே ஏலத்துக்கு முன் பொலிகாளையின் அருகில் நிற்பவன் மூன்று சாட்சிகளை விசாரிக்க வேண்டியவனாகின்றான். உடல் இன்றைய நிலையைக் கூறும். ஏடு வந்த வழியைக் கூறும். கன்றுகளே அக்காளை எதனை வழங்கவல்லது என்பதைக் கூறும். 1873ஆம் ஆண்டில் விலை கூறியோர் ஏட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர்; ஏட்டை மட்டும் படித்தவர்கள். ஆவணத்தின் பழமையையும் பெயரின் புகழையும் மெய்ம்மையென மயங்கும் இடர் கால்நடை வளர்ப்போனுக்கு மட்டும் உரியதன்று. வம்சாவளிகளையும் பட்டயங்களையும் கைக்கொண்டு கடந்தகாலத்தை மதிப்பிட முனையும் நமக்கும் அது பொருந்தும்.