உருக்கிய ரூபாய்களும் 1883 ரக்பிப் பருவமும்

சர்வதேச ரக்பி யூனியன் போட்டித் தொடரின் முதல் பருவமாக ஏடுகள் குறிப்பது 1882 டிசம்பரில் தொடங்கி 1883 மார்ச்சில் முடிந்த பருவத்தை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகள் ஆடின. தொடர் என்ற பெயர் பிற்காலத்தார் சூட்டியது. அன்று புள்ளிப் பட்டியல் கிடையாது. வேல்ஸும் அயர்லாந்தும் மோதவே இல்லை. நடந்த ஐந்து ஆட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் கோப்பை இருந்தது. அந்தக் கோப்பை, கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு சங்கத்தின் வங்கிக் கணக்கில் மிஞ்சிய பணத்தால் ஆனது.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர் இருபது பேர் ஒருபுறமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் இருபது பேர் மறுபுறமுமாக ரக்பி ஆடினர். 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்துச் சங்கம் உருவாயிற்று. பெயரில் கால்பந்து இருந்தாலும் ஆடியது ரக்பி. மறு ஆண்டே அது இங்கிலாந்தின் ரக்பி யூனியனில் சேர்ந்தது. ஆனால் சங்கத்தின் ஆயுள் குறைவு. இலவச மது நிறுத்தப்பட்டதும் உறுப்பினர்கள் குறைந்தார்கள் என்பது சங்க வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. அதைவிட அழுத்தமான காரணம், ஆட்டக்காரர்களைத் தந்துவந்த படைப்பிரிவு 1876இல் ஊரை விட்டுப் போனது. அந்த வெயிலுக்கு டென்னிஸும் போலோவும் தோதாகவும் இருந்தன.

தலைவர், செயலர், பொருளாளர் என மூன்று பொறுப்பையும் ஒருசேரச் சுமந்த ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி, மிச்சப் பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிக் கோப்பை செய்யலாம் என்றார். 270 ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அக்கால ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம்; அந்தக் கணக்கில் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான உலோகம். நாகங்கள் கைப்பிடிகளாக வளைய, மூடியின் உச்சியில் யானை நிற்க, இந்தியக் கைவினைஞர் வேலைப்பாட்டில் கோப்பை உருவானது. 1878இல் அது ரக்பி யூனியனிடம் சேர்ந்தது.

ஆண்டுதோறும் அதற்காகப் போட்டி நடக்க வேண்டும் என்பதே கொடுத்தவர்களின் நிபந்தனை. கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை போலச் சங்கங்கள் மோதும் பரிசாக்க அவர்கள் விரும்பினர். பரிசுக்காக ஆடுவதைத் தொழில்சாரா விளையாட்டுக்கு இழுக்கு என்று கருதிய யூனியன் அதற்கு இசையவில்லை. இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு அதை ஒதுக்கியது. 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் திடலில் நடந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. 1880இல் இங்கிலாந்து வென்றது, 1882இல் ஸ்காட்லாந்து. இரு நாடுகளுக்கிடையே 1871 முதலே ஆட்டங்கள் உண்டு; பரிசுக்கு உரிய ஆண்டு ஆட்டம் என்ற பிடிப்பைத் தந்தது இந்தக் கோப்பையே.

1883 பருவத்தை இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும். டிசம்பர் 16இல் ஸ்வான்சியில் இங்கிலாந்து வேல்ஸை வீழ்த்தியது. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர் சார்லஸ் வேட் தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே மூன்று ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) எடுத்தார்; பின்னாளில் நியூ சவுத் வேல்ஸின் முதல்வரானவர் இவரே. அயர்லாந்தும் இங்கிலாந்திடம் தோற்றது. ஸ்காட்லாந்து தன் பங்குக்கு வேல்ஸையும் அயர்லாந்தையும் வென்றிருந்தது. ஆகவே மார்ச் 3 அன்று ரேபர்ன் பிளேஸில் நடந்தது, யாரும் அப்படி அறிவிக்காத இறுதியாட்டம். இங்கிலாந்து இரண்டு ட்ரை, ஸ்காட்லாந்து ஒன்று. ஸ்காட்லாந்து மண்ணில் இங்கிலாந்து அதற்குமுன் வென்றதே இல்லை.

மறு ஆண்டு இதே இரு அணிகள் பிளாக்ஹீத்தில் மோதிய ஆட்டத்தில் பூசல் வெடித்தது. ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னுக்குத் தட்ட, இங்கிலாந்து அதை எடுத்து ட்ரை ஆக்கியது. தட்டியது விதிமீறல், அதனால் ஆட்டம் நின்றிருக்க வேண்டும் என்றனர் ஸ்காட்லாந்தினர். தன் தவற்றால் தானே பயனடையக் கூடாது என்றது எதிரணி. 1885இல் இரு அணிகளும் மோதவில்லை. விதி சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி 1886இல் சர்வதேச வாரியத்தைப் பிறப்பித்தது. இங்கிலாந்து சேர மறுத்து 1888, 1889 பருவங்களை இழந்து, 1890இல் இணைந்தது. 1910இல் பிரான்சும் 2000இல் இத்தாலியும் வர, நான்கு நாடுகளின் ஆட்டம் இன்றைய ஆறு நாடுகள் தொடராக வளர்ந்தது.

கோப்பை பிறந்த ஊரில் கதை வேறு. 1911இல் மோகன் பகான் கால்பந்து அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது வங்காளம் கொண்டாடியது கால்பந்தை. ரக்பி வெள்ளையர் சங்கங்களிலும் படை முகாம்களிலும் தங்கிவிட்டது. படைப்பிரிவு மாறினால் அணியும் மாறும். இலங்கையில் அது பள்ளி வழியாக இறங்கியது: கண்டியின் கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891இல் எல். இ. பிளேஸ் மாணவர்களுக்கு ரக்பியை அறிமுகப்படுத்தினார். 1906இல் அக்கல்லூரி டிரினிட்டி கல்லூரியுடன் மோதியது. டிரினிட்டியும் கொழும்பு ராயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945இல் தொடங்கிய ஆட்டத்துக்கு இன்றும் கூட்டம் திரள்கிறது.