கதவு மூடிய பிறகு: கார் கேபினில் சாலை இரைச்சல் தணிப்பின் வரலாறு

ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பயன்களாக மூன்றைக் குறித்தார்: வண்டியை இழுக்கும் விசை குறையும், பயணம் மென்மையாகும், ஓடும்போது எழும் சத்தம் தணியும். அந்தச் சத்தத்தில் உள்ளே, வெளியே என்ற பிரிவு இல்லை. வண்டியில் இருப்பவருக்கும் தெருவில் நிற்பவருக்கும் அது ஒன்றுதான். பின்னாளில் கார்த் தொழில் இந்த இருவரையும் பிரித்தது. பயணியின் அமைதியைத் தனிச் சரக்காக்கியது. அந்தப் பிரிவு எப்படி நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கம் மூடிய கார். 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே மூடியது. 1927-இல் அது ஐந்தில் நான்கைத் தாண்டியது. ஹட்சன் நிறுவனம் 1922-க்கென வெளியிட்ட எசெக்ஸ் கோச்தான் மூடிய காரின் விலையை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டச் செய்தது. மழையும் தூசியும் வெளியே நின்றன. ஆனால் தகடுகளால் அடைபட்ட காற்று, சக்கரத்திலிருந்து ஏறிவரும் அதிர்வைப் பெருக்கிக் காட்டும் பறையாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1935-ஆம் ஆண்டு மாடல்களில் துணி பதித்த கூரையைக் கைவிட்டு ஒரே எஃகுத் தகட்டால் கூரை அமைத்தபோது சிக்கல் கூடியது. அகன்ற, மெல்லிய தகடு எளிதில் அதிரும். தார் ஊறிய அட்டைகளை உட்புறம் ஒட்டிச் சமாளித்தார்கள். அது கைப்பழக்கத்தால் வந்த வைத்தியம்; ஏன் பலிக்கிறது என்பதற்குக் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைத் தந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஓபர்ஸ்ட். தகட்டின் மேல் பூசிய பாகுத்தன்மையுள்ள பூச்சு, தகடு வளையும்போது தானும் நீண்டு சுருங்கி அதிர்வாற்றலை வெப்பமாக்குகிறது என்பதை 1952-இல் வெளியான ஆய்வில் அளவோடு நிறுவினார். பூச்சின் எடை மட்டும் போதாது; அதன் விறைப்பும் தடிமனும் உள்ளிழப்பும் சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கின்றன. இன்றும் தணிப்புப் பொருள்களைச் சோதிக்கும் பட்டைக்கு அவர் பெயரே வழங்குகிறது. எடையைக் கூட்டிச் சத்தத்தை அடக்குவது எவ்வளவு வீண் செலவு என்பதை ஒலியியலின் நிறை விதியும் சொல்கிறது: தடுப்பின் எடையை இரட்டித்தால் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான்.

ஆயினும் உண்மையான திருப்பம் பூச்சில் நிகழவில்லை, ரப்பரில் நிகழ்ந்தது என்பது என் முடிவு. தனிச் சட்டத்தின் மேல் உடற்கூட்டை ஏற்றிய காலத்தில், இரண்டுக்கும் இடையில் வைத்த ரப்பர் துண்டுகள் ஓரளவு வடிகட்டியாக இருந்தன. சட்டமும் கூடும் ஒன்றான மோனோகாக் அமைப்பு எடையைக் குறைத்தது. அந்த வடிகட்டியையும் நீக்கிவிட்டது. சஸ்பென்ஷன் நேரே கூட்டில் பூட்டப்பட்டதால் ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்டது. 1953-இல் வந்த மெர்சிடிஸ் 180 இதற்கு விடையாக முன் சஸ்பென்ஷனைத் தனித் துணைச் சட்டத்தில் ஏற்றி, அதை ரப்பர் வழியாகக் கூட்டோடு இணைத்தது. 1955-இல் ஜாகுவாரின் முதல் மோனோகாக் சலூன் காரான 2.4 லிட்டர் மாடலிலும் இதே வழி.

ஜாகுவாரின் பொறியாளர் பாப் நைட் இதை ஒரு கலையாக வளர்த்தார். ரப்பர் இளகினால் அதிர்வு தடைபடும், ஆனால் சக்கரம் தன் கோணத்தில் நிற்காது. இறுகினால் கார் கட்டுக்குள் நிற்கும், இரைச்சல் உள்ளே வரும். திசைக்கேற்ப விறைப்பை மாற்றுவதே தீர்வு: முன்பின்னாக இளக்கம், பக்கவாட்டில் இறுக்கம். 1961-இல் ஈ-டைப், மார்க் டென் கார்களில் பின் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரு எஃகுக் கூண்டில் அடங்கி, நான்கு ரப்பர் தாங்கிகளில் தொங்கியது. 1968-இன் எக்ஸ்ஜே6 அதன் உச்சம். ரேடியல் டயர் பரவிய காலத்தில் இந்த அறிவு இன்றியமையாததாயிற்று. 1940-களின் இறுதியில் மிஷலின் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த டயரின் எஃகுப் பட்டை சுற்றுத் திசையில் விறைப்பானது. குறைந்த வேகத்தில் சாலையின் அடிகளை அப்படியே தள்ளிவிடும். முன்பின் இளக்கம் இல்லாத பழைய சஸ்பென்ஷன்களில் அது கரடுமுரடாக உணரப்பட்டது.

1989-இன் லெக்ஸஸ் எல்எஸ்400-ஐ உருவாக்கிய இச்சிரோ சுசுகி, சத்தத்தைப் போர்த்தி மூடாமல் பிறக்கும் இடத்திலேயே தடுக்கச் சொன்னார். எஞ்சின் ஒடுங்கியது, அதன் மறைவில் இருந்த டயர் வெளிப்பட்டது. டயருக்குள் அடைபட்ட காற்றின் ஒத்ததிர்வு இப்படித்தான் கவனத்துக்கு வந்தது. உட்குழியின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர் என்றால், ஒலியின் வேகத்தை அதனால் வகுக்கச் சுமார் 210 ஹெர்ட்ஸ் வரும். பாலத்தின் இணைப்பில் ஏறும்போது கேட்கும் கணீர் ஒலி அதுதான். அதை அடக்கவே இன்று டயரின் உட்சுவரில் நுரைப்பட்டை ஒட்டுகிறார்கள். மின்சாரக் கார்களில் டயரின் ஒலியை மறைக்க எஞ்சினே இல்லை. பாட்டரியின் எடைக்காக டயர்களும் அகலமாகின்றன.

எதிர் ஒலியால் ஒலியை அழிக்கும் எண்ணம் பால் லூக் 1936-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையிலேயே இருக்கிறது. ஹோண்டா 2000-இல் ஜப்பானின் அக்கார்ட் வேகனில் 40 ஹெர்ட்ஸ் அளவிலான சாலை முழக்கத்தின் மீது இதைப் பயன்படுத்தியது. ஹூண்டாய் 2019-இல் அறிவித்த அமைப்பு, அதிர்வு உணரிகளைக் கொண்டு இரைச்சலை முன்கூட்டிக் கணித்து சுமார் 3 டெசிபல் குறைப்பதாகச் சொன்னது. இதன் எல்லையை அலைநீளம் வகுக்கிறது. 40 ஹெர்ட்ஸில் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். கேபின் முழுவதும் அடங்கும். 1,000 ஹெர்ட்ஸில் 34 சென்டிமீட்டர்தான். அமைதி மண்டலம் காதருகே மூன்று சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும்.

இந்த வழிகளில் பெரும்பாலானவை தெருவோர வீட்டுக்காரருக்கு எதையும் தரவில்லை. இருவருக்கும் உதவுவது சாலையின் மேற்பரப்பு. நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி நுண்துளைத் தார் பரப்பால் ஆனது. டயரின் பள்ளங்களில் நெரிபடும் காற்று துளைகளுக்குள் வடிந்துவிடுவதால், காதை உறுத்தும் உயர் அதிர்வெண் ஒலி பிறப்பதே குறைகிறது, மழைநீரும் தேங்காது. காலப்போக்கில் அழுக்கு துளைகளை அடைக்கிறது. கற்களும் பெயரத் தொடங்கும். வழக்கமான பரப்பைவிட விரைவில் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு அரசின் கணக்கில் விழுகிறது. கார் நிறுவனத்தால் அதை விலைப்பட்டியலில் ஏற்றி விற்க முடியாது. ஒலியியல் ஆராய்ச்சியின் பணம் கண்ணாடிக்கு உள்ளேயே சுழல்வதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.