கதீட்ரல் வாசலில் முட்டைக்கோஸ் பாத்தி

மாடித்தோட்டம் எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் "கத்திரி வெயில்ல செடி கருகுது, என்ன பண்றது?"ன்னு கேட்டிருந்தீங்க. என்கிட்ட பதில் இல்லை. என் வெண்டைச் செடியே தள்ளாடிட்டுத்தான் நிக்குது. அதனால இன்னைக்கு, இதைவிட மோசமான ஒரு இடத்துல காய்கறி விளைஞ்ச கதை. இடம் லெனின்கிராட், இப்போதைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். வருஷம் 1942.

1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் படை அந்த நகரத்துக்கான கடைசித் தரைவழியையும் அடைத்தது. நவம்பர் 20 முதல், தொழிலாளர் அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதுவும் முழு மாவு இல்லை, மரக்கூழ் வரைக்கும் கலந்தது. அந்தக் குளிர்காலத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

பனி உருகினதும், எழுந்து நிற்க முடிந்தவர்கள் தெருக்களைச் சுத்தம் செய்தார்கள். முதலில் கிடைத்தது களைச்செடிகள்தான். டேன்டேலியன் இலை, நம்ம காஞ்சொறி மாதிரி அரிக்கிற நெட்டில், எல்லாம் சூப்பாகிவிட்டது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாதுன்னு தாவரவியல் ஆட்கள் எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் மண்வெட்டி. பூங்கா, புல்தரைன்னு காலியாக இருந்த மண்ணெல்லாம் பாத்தியானது.

அந்த ஊர் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கு. உறைபனி இல்லாத மாசங்கள் குறைவு. ஆனா ஜூன்ல பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட்டுக்கு அது வரப்பிரசாதம். நமக்கு வெயில் கூடிப்போனது பிரச்சினை, அவங்களுக்கு நாள் போதாதது பிரச்சினை.

அந்தக் கோடையில் எடுத்த ஒரு போட்டோ ரொம்பப் பிரபலம். செயின்ட் ஐசக் கதீட்ரலுக்கு முன்னால், சதுக்கம் முழுக்க முட்டைக்கோஸ். பெண்கள் குனிந்து வேலை செய்றாங்க. விமானத்துக்குத் தெரியக்கூடாதுன்னு கதீட்ரலோட தங்கக் கூரைக்குச் சாம்பல் நிறம் பூசியிருந்தாங்க.

அந்தப் போட்டோவில் பலரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அதே சதுக்கத்துலதான் நிக்கொலாய் வவிலோவ் உலகம் சுற்றிச் சேர்த்த விதைகளின் சேமிப்பு நிறுவனமும் இருந்தது. கோதுமை, அரிசி, நிலக்கடலை எல்லாம் உள்ளே பொட்டலம் பொட்டலமாக இருந்தது. அதைக் காத்தவர்கள் பட்டினியாகவே காத்தார்கள். அரிசிச் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் 1942 ஜனவரியில் பசியால் இறந்தார். ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் தொடப்படாமல் இருந்தன. நிலக்கடலைச் சேகரிப்பின் அலெக்சாண்டர் ஷ்சுகினுக்கும் அதே முடிவு.

நம்ம வீடுகள்ல நல்ல கத்திரிக்காய் ஒண்ணைச் செடியிலேயே பழுக்க விடுவாங்க, விதைக்கு. வீட்ல காய் இல்லேன்னாலும் அதைப் பறிக்க மாட்டாங்க. ஆனா பக்கத்துல குழந்தை சாகும்போது? பொட்டலத்தைப் பிரிச்சுக் கொடுத்திருக்கணும்னு ஒருத்தர் சொன்னா, என்னால உடனே மறுக்க முடியாது. ரெண்டு பக்கமும் யோசிச்சுட்டேன், இன்னும் தெளிவு வரலை.

உருளைக்கிழங்கு விஷயம் இன்னும் சிக்கல். விதை மாதிரி அதைப் பொட்டலம் கட்டி வைக்க முடியாது. உறைஞ்சாலும் போச்சு, வருஷா வருஷம் நடலேன்னாலும் போச்சு. நகரத்துக்குத் தெற்கே பாவ்லோவ்ஸ்க் வயலில் இருந்த கிழங்கு ரகங்களை, ஜெர்மானியர் நெருங்கி வரும்போதே தோண்டி எடுத்து வந்தார்கள். குளிர்காலம் முழுக்க நிலவறையில் கிடைத்த விறகை எரித்து, எலியை விரட்டி, பாதுகாத்தார்கள். 1942 வசந்தத்தில் அதே கிழங்குகள் திரும்ப மண்ணுக்குள் போயின.

இவ்வளவும் நடந்தபோது வவிலோவ் அங்கே இல்லை. 1940 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்திருந்தது. முட்டைக்கோஸ் அறுவடை முடிந்து சில மாதங்களில், 1943 ஜனவரி 26 அன்று, சரத்தோவ் சிறையில் அவரும் பட்டினியால் நலிந்து இறந்தார். 1967-ல் அந்த நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது இன்னும் அதே சதுக்கத்தில்தான் இருக்கு.