பழவேற்காடு: ஏரியா, காயலா?

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், எங்கள் ஊர் நீரை வரைபடத்தில் 'லேக்' என்று போட்டிருக்கிறார்கள். புவியியல் நூலில் 'லகூன்' என்கிறார்கள். எது சரி?"

இவ்விரு சொற்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 'லாக்குஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குக் குளம், தொட்டி என்பன பொருள். அதிலிருந்து பிறந்த 'லேக்', நிலம் சூழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும். அதே வேரிலிருந்து கிளைத்த 'லகூனா', வெனிஸ் நகரைச் சூழ்ந்த நீர்ப்பரப்பின் இத்தாலியப் பெயர். அது 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'லகூன்' எனப் புகுந்தது. மணல்திட்டோ பவழப்பாறையோ கடலிலிருந்து பிரித்துவைத்த, ஆழமற்ற நீர்ப்பரப்பே லகூன். 1769இல் கேப்டன் குக், பசிபிக் கடலில் கண்ட ஒரு பவழத் தீவுக்கு 'லகூன் தீவு' என்றே பெயரிட்டார்.

பழவேற்காட்டு நீரைக் கடலிலிருந்து பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்திட்டு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கிலத்தில் 'புலிகாட் லேக்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் ஏரி என்றால், கரை கட்டி மழைநீரைத் தேக்கும் பாசன நீர்நிலைதான் நினைவுக்கு வரும். கடலோடு உறவாடும் நீருக்குக் கழி, காயல் என்னும் சொற்கள் நம்மிடம் உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொட்ட, காயலின் உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் நீர் ஆவியாக, உப்பு கடலையே மிஞ்சுவதுண்டு. அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்கிறது. முகத்துவாரத்தில் நீரோட்டம் விரைவாக இருந்தால் அம்மணலை அடித்துச் செல்லும். வேகம் தளர்ந்தால் மணல் படிந்து வாய் தூர்ந்துபோகும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் இவ்வழியாகவே உள்ளே வந்து வளர்கின்றன. வழி அடைபட்டால், 'பாடு' முறைப்படி முறைவைத்து வலையிடும் குப்பத்தாரின் பிழைப்பும் அடைபடும்.

ஒடிசாவின் சிலிக்காவிலும் இதே தொல்லை இருந்தது. 2000ஆம் ஆண்டு அங்கே புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. உப்பு நிலை சீரடைந்தது, மீன்பிடிப்பும் பன்மடங்கு உயர்ந்தது.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: வழக்கில் வந்த பெயர் ஏரியாகவே இருக்கட்டும், இயல்பால் அது காயல். ஏரியைக் காப்பது அதன் கரை. காயலைக் காப்பது அதன் வாய்.