கேமரன் மலையில் பசியாறல்: தேயிலைத் தோட்டத்து உணவின் வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் என்னிடம் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துப் போகிறோம். எங்கே, என்ன சாப்பிடலாம்?" இதற்குக் கடைப் பெயர்களை அடுக்கி விடை கூறிவிடலாம். ஆயினும், நம் முன்னோர் அம்மலையில் எதை உண்டு வாழ்ந்தனர் என்பதை அறியாமல் அங்கு உண்பது, நூலின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் உணவையும் வரலாற்றையும் ஒரே இலையில் பரிமாற இக்கட்டுரையில் முயல்கிறேன்.

மலையும் தேயிலையும்

1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை அளந்தறிய வந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆயினும் மலை மக்கள் குடியேற்றம் கண்டது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தைச் சேர்ந்த வட இந்தியர் ஒருவர் பாரத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை 1930-களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது.

காட்டை அழித்துத் தேயிலை நட்டவருள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கூடையுடன் மலைச் சரிவில் ஏறினர். பால் குடிக்கும் குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். "பசியாறிவிட்டீர்களா?" என்று காலையில் நலம் விசாரிக்கும் நம் நாட்டுத் தமிழரின் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். காலை உணவுக்கே 'பசியாறல்' என்று பெயர் வைத்த சமுதாயத்தில் பசி எத்துணை அருகில் இருந்திருக்கும் என்பது விளங்கும்.

கூலியும் சோறும்

அக்காலத்துக் கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும். 1920-களில் மலாயாவில் இந்தியத் தொழிலாளர்க்குத் தர ஊதியம் என்ற ஒன்று வகுக்கப்பட்டது. ஒரு தொழிலாளி ஒரு மாதத்தில் உண்ணும் அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு, மிளகாய், கொத்தமல்லி, எண்ணெய் ஆகியவற்றுக்கு விலை போட்டு, அதனுடன் துணிமணி முதலிய சில செலவுகளையும் சேர்த்து அந்த ஊதியம் தீர்மானிக்கப்பட்டது. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. கூலி குறைந்தால் முதலில் குறைவது கறியும் மீனும்தான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மலைவாழ்வுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவின் குளிரில் நெல் விளைவதில்லை, தென்னை காய்ப்பதில்லை. அரிசியும் தேங்காயும் கருவாடும் அடிவாரத்திலிருந்தே ஏறி வந்தாக வேண்டும். அரிசியோ மலாயாவிலும் போதிய அளவு விளையவில்லை. பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. இரவில் மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் வெங்காயத்துடனோ சுட்ட கருவாட்டுடனோ உண்பதே பலர்க்குப் பசியாறல். லயத்துப் பின்புறத்தில் வளர்த்த கீரையும், மலையில் செழித்த முட்டைக்கோசும் குழம்புச் சட்டியில் சேர்ந்தன. மலாய்க்காரரின் பெலாச்சான் சம்பலும் நெத்திலிப் பொரியலும் காலப்போக்கில் நம் அடுப்படிக்குள் நுழைந்தன. தோட்ட அலுவலகத்துக் கிராணிமார்களாக வந்த யாழ்ப்பாணத் தமிழர் புட்டையும் சொதியையும் கொண்டு வந்தனர்.

மரவள்ளிக் கிழங்கின் கதை

1941-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. பர்மா அரிசியின் வரத்து நின்றது. நாடெங்கும் மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்தனர். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவேயில்லை.

என் பாட்டி அப்போது சிறுமி. அடிவாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, பின்னர் மணமாகி மலைக்கு வந்தவர். காலையிலும் கிழங்கு, இரவிலும் கிழங்கு என்று மூன்றரை ஆண்டுகள் கழித்த அவர், பின்னர் சாகும்வரை மரவள்ளியைத் தொட்டதில்லை. ஒருமுறை தாப்பா சாலையோரக் கடையில் மரவள்ளி வறுவல் பொட்டலம் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து அவரிடம் நீட்டினேன். அதைச் சற்றுநேரம் பார்த்தார். "நீ தின்னுய்யா. உனக்கு அது பலகாரம்" என்றார். அவருக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. அவர் மறைந்த பிறகே அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. விடை சொல்ல அவர் இல்லை.

இன்று எங்கே, என்ன உண்ணலாம்?

தாப்பா வழியாக ஏறுவோர் வழியிலேயே பூர்வகுடி மக்களின் கடைகளைக் காணலாம். பெத்தாய்க் காயும் தேனும் அங்குக் கிடைக்கும். இம்மலைக்கு நம்மைவிட மூத்தவர் செமாய் இனத்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தானா ராத்தாவின் கடைத்தெருவில் தமிழர் உணவகங்கள் உண்டு. காலையில் தோசை, பகலில் வாழையிலைச் சோறு. ரொட்டி சானாய் உண்பவர், அது தமிழ் முஸ்லிம்கள் இந்நாட்டுக்கு அளித்த கொடை என்பதையும் நினைவிற்கொள்க. 'மாமாக்' என்னும் சொல்லே நம் 'மாமா'விலிருந்து பிறந்ததென்பர்.

சுங்கை பாலாஸில் உள்ள போ தேயிலை நிலையத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தவாறு தேநீர் அருந்தலாம். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு செல்க. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற ஸ்கோன் ரொட்டியும் ஸ்ட்ராபெரி ஜாமும் மலையெங்கும் கிடைக்கும். மாலைக் குளிருக்குப் பிரிஞ்சாங் சீனர் கடைகளில் ஸ்டீம்போட் உகந்தது. அதில் வேகும் கீரையும் கோசும் இம்மலையில் விளைந்தவை. சைவ உணவினர் சாறு எதில் காய்ச்சப்பட்டது என்று முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.

தேநீரைப் பற்றி ஒரு சொல். ஆலையில் இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திய பின் சலித்துத் தரம் பிரிப்பர். பெரிய இலை உயர்ந்த விலைக்குப் போகும். கடைசியாகச் சலித்து விழும் தூளே கெட்டிப் பாலுடன் கலந்து ஆற்றப்படும் தே தாரிக்குக்கு ஏற்றது. பறித்தவர் வீட்டில் கொதித்ததும் பெரும்பாலும் அந்தத் தூள்தான். இன்று நாடே அதை விரும்பிக் குடிக்கிறது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இன்று தேயிலைச் சரிவுகளில் இயந்திரங்களைப் பிடித்து நிற்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர். நம்மவர் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். இது மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் லயத்து அடுப்பின் கதையும் அவர்களுடன் போய்விடக் கூடாது. தேயிலை நிலையத்தில் இயந்திரங்களைக் காணலாம்; பழைய சோற்றுப் பானையை அங்குக் காண இயலாது. அது நம் வீட்டு முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளது.

ஆகவே இவ்விடுமுறையில் மாணவர்க்கு ஒரு பணி கொடுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும்: சிறுவயதில் காலையில் என்ன உண்டீர்கள்? திருநாளில் மட்டும் உண்டது எது? எந்த உணவை இனித் தொடமாட்டேன் என்கிறீர்கள், ஏன்? மூன்றாம் கேள்வியை மறவாமல் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்கத் தவறியது அது.

மீண்டும் சந்திப்போம். வாழ்க தமிழ்!