உபதேசியாரும் குருவும்: தமிழகச் சபைகளில் தலைமை உருவான வரலாறு

சபைகளை நடத்தத் தகுந்த தலைவர்கள் இல்லை என்னும் குறை நம் சேகரக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. ஒரே குருவின் பொறுப்பில் பல கிராமச் சபைகள் அமைந்துள்ள இடங்களில் அது இன்னும் உரத்து ஒலிக்கின்றது. ஆயினும், தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்க கால வரலாற்றை நோக்குமிடத்து, தலைமைக்குரிய வரங்களைப் பெற்றோர் சபைகளில் இல்லாத காலம் அரிது என்பது புலனாகும். அவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்புவிப்பதிலேயே திருச்சபை தயங்கிற்று. இவ்வுண்மையை விளக்கும் சில நிகழ்ச்சிகளை இங்கு ஆராய்வோம்.

தரங்கம்பாடியில் தொடக்கம்

சீகன்பால்க் ஐயரும் புளுட்சோ ஐயரும் 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியை அடைந்தனர். அடுத்த ஆண்டிலேயே ஒரு சிறு சபை தோன்றிற்று. உள்நாட்டு ஊழியரின்றி இப்பணி நிலைபெறாது என்பதைச் சீகன்பால்க் உணர்ந்திருந்தார். ஆகவே உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க 1716இல் ஒரு பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. உபதேசியார் வீடுதோறும் சென்று வேதத்தை வாசித்துக் காட்டினார், ஞானஸ்நானத்திற்கு ஆயத்தப்படுவோருக்கு ஞானோபதேசம் கற்பித்தார், நோயாளிகளுக்காகச் செபித்தார். மக்கள் அன்றாடம் கண்ட திருச்சபையின் முகம் அவருடைய முகமே.

ஆயினும் முதல் தமிழ்க் குருவைக் காணச் சபை 27 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. கடலூரில் பிறந்து, 1718இல் ஞானஸ்நானம் பெற்று, பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்த ஆரோன் என்பவர் 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதற் குரு இவரே. 1745இல் மரிக்கும் வரை நாட்டுப்புறச் சபைகளைச் சுற்றி வந்து இவர் ஆற்றிய பணி, ஒப்புவிக்கப்பட்ட பொறுப்பை நம்மவர் செவ்வனே நிறைவேற்ற வல்லவர் என்பதற்குச் சான்றாயிற்று.

மறுக்கப்பட்ட ஒருவர்

ஆரோனைப் போற்றும் நாம் இராஜநாயக்கனை மறந்துவிடலாகாது. தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த இவர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்ததன் வாயிலாக விசுவாசத்திற்கு வந்தவர். ஐரோப்பிய அருட்பணியாளர்கள் தஞ்சை நாட்டிற்குள் தாராளமாக நுழைய இயலாதிருந்த காலத்தில், இவரே உபதேசியாராக அங்குச் சபைகளைக் கட்டி எழுப்பினார். எதிர்ப்புகளும் இவரைத் தளரச் செய்யவில்லை.

இரண்டாம் குருவைத் தெரிந்துகொள்ளும் காலம் வந்தபோது, இவருடைய தகுதியை எவரும் ஐயுறவில்லை. ஆனால் இவர் பிறந்த குலம் தடையாயிற்று. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் கையினின்று திருவிருந்தைப் பெற உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதியோர் தயங்குவர் என்று அருட்பணியாளர்கள் அஞ்சினர். 1741இல் தியோகு என்பவர் குருவாக்கப்பட்டார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்து மறைந்தார்.

எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் பந்தியே, ஒருவரைப் புறம்பாக்குவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. தேவன் தந்த வரத்தைச் சபை கண்டது. கண்டும் அதை ஏற்க மறுத்தது. இது வெறும் பழங்கதையன்று. சபை மூப்பரையும் சேகரக் குழுவினரையும் தெரிந்துகொள்ளும் வேளையில், வரத்தைப் பார்க்கின்றோமா, குலத்தையும் குடும்பச் செல்வாக்கையும் பார்க்கின்றோமா என்னும் கேள்வியை இராஜநாயக்கனின் வாழ்வு நம்முன் வைக்கின்றது.

திருநெல்வேலியின் சாட்சி

தெற்கே திருநெல்வேலிச் சீமையில் திருச்சபை வேரூன்றிய வகையும் நோக்கத்தக்கது. சுவார்ட்சு ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார் பாளையங்கோட்டைச் சபைக்குத் தூணாக விளங்கினார். அவருடைய முயற்சியால் 1785இல் அங்கு ஓர் ஆலயம் எழுந்தது. எந்தப் பட்டமும் பெறாத அப்பெண்மணியே அச்சபையின் முதல் தலைவர் எனில் மிகையாகாது. அங்கு உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். அவருடன் உழைத்த தாவீது சுந்தரானந்தம், துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கென 1799இல் முதலூர் என்னும் குடியிருப்பு உருவாக முன்னின்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர்.

பின்னர்ச் சோதனைக் காலம் வந்தது. ஐரோப்பிய அருட்பணியாளர் எவரும் நிலையாகத் தங்காத பத்தாண்டுகள் கழிந்தன. 1811ஆம் ஆண்டையொட்டிக் கொடிய காய்ச்சல் பரவ, பலர் பழைய வழிபாட்டிற்குத் திரும்பினர். எனினும் 1816இல் ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, பல ஊர்களில் சிதறியிருந்த சுமார் 3,000 கிறிஸ்தவர்களைக் கண்டார். அவர்களைக் காத்து வந்தோர் உள்ளூர்க் குருவும் உபதேசியார்களுமே. பெருங்குறைகளின் நடுவிலும் விளக்கு அணையவில்லை. அதற்கு எண்ணெய் வார்த்தவர்கள் அவ்வூர் மக்களே.

1820இல் அங்கு வந்த ரேனியஸ் ஐயர் இதை நன்குணர்ந்தார். உபதேசியார்களை மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு வரவழைத்து, அவர்தம் பணியை விசாரித்து, வேதத்தைப் போதித்து, மீண்டும் ஊர்களுக்கு அனுப்பினார். பயிற்சியும் பணியும் இவ்வாறு ஒன்றோடொன்று இணைந்தன. சபைகள் பெருகவே, உபதேசியார்களில் சிலருக்குக் குருப்பட்டம் அளிக்க விழைந்தார். பேராயர் வாயிலாகவே அது நடைபெற வேண்டும் என்ற ஆங்கிலத் திருச்சபை ஒழுங்கு குறுக்கிட்டது. இதுவும் பிற கருத்து வேறுபாடுகளும் முற்றி, 1835இல் அவர் தம் சங்கத்தினின்று பிரிய நேர்ந்தது, சபைகளும் பிளவுண்டன. ஒழுங்கு சபைக்கு இன்றியமையாதது. எனினும் மந்தையின் தேவைக்கு ஒழுங்கு செவிசாய்க்கத் தாமதித்தால், காயப்படுவது மந்தையே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

நமக்குரிய படிப்பினை

அதே திருநெல்வேலிச் சபைகள் 1903இல் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தோற்றுவித்தன. அதன் தொடக்கத்தில் முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா, 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலத் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டுக் கிராமச் சபைகளுக்கு அவ்வவ்விடத்து மக்களிலிருந்தே ஊழியரை எழுப்புவதில் அவர் கருத்தூன்றினார். ஆரோனிலிருந்து அசரியா வரை ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றன என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஒருவர்மீதும் சீக்கிரமாய்க் கைகளை வைக்கலாகாது என்று பவுல் தீமோத்தேயுவை எச்சரித்தது உண்மையே. ஆனால் அதே பவுல், தாம் நிறுவிய சபைகளில் மூப்பர்களை ஏற்படுத்தி, அவர்களைக் கர்த்தருக்கு ஒப்புவித்துச் சென்றார் என்பதையும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. சோதித்தறிதல் வேறு, சோதித்தபின்னும் நம்பாதிருத்தல் வேறு.

ஆகவே ஒவ்வொரு சேகரமும் செய்யத்தக்கவை மூன்று. ஞாயிறுதோறும் குருவின்றி ஆராதனை நடத்துவோர், ஓய்வுநாள் பாடசாலையில் கற்பிப்போர், துக்க வீட்டிற்கு முதலிற் செல்லும் பெண்கள் ஆகியோரிடத்தில் விளங்கும் வரங்களைப் பெயர் சொல்லி அறிந்துகொள்ளுதல் முதலாவது. அவர்களை ஊரினின்று பிரித்தெடுக்காமல், பணியின் நடுவிலேயே வேத அறிவிலும் மேய்ப்புப் பணியிலும் பயிற்றுவித்தல் இரண்டாவது. தீர்மானிக்கும் உரிமையோடுகூடப் பொறுப்பை அவர்களுக்கு அளித்தல் மூன்றாவது. முதலிரண்டையும் ஓரளவு செய்து மூன்றாவதில் நின்றுவிடுவதே நம் பழைய நோய். இனியும் ஓர் இராஜநாயக்கன் நம் சபைகளில் காத்திருந்தே மறையாதபடி, தேவன் ஏற்கெனவே அழைத்திருப்போரைக் கண்டுகொள்ளும் கண்களையும், ஒப்புவிக்கும் துணிவையும் அவர் நமக்கு அருள்வாராக.