வால் கற்பித்த பாடம்: மாதிரி விமானங்களின் வரலாறு

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் என வழங்கும் குடைவரையை அடுத்த பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 7 அல்லது 8 ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அக்கல்வெட்டு, ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகளை அடுக்கித் தருகிறது. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு மன்னன், மாணாக்கரின் நன்மைக்காக அதனைச் செய்வித்தான் என்று அதன் இறுதிப் பகுதி கூறுகிறது. கேட்டு மகிழ்வதற்கான பாட்டு அன்று அது. பழகித் தேர்வதற்கான மாதிரி. ஒரு கலையைக் கற்பிக்க விரும்புவோர் முதலில் மாதிரியைத்தான் படைக்கின்றனர் என்னும் உண்மைக்கு அப்பாறை சான்றாக நிற்கிறது.

பறத்தற் கலையின் வரலாறும் இவ்வுண்மையையே உரைக்கிறது. பால்சா மரச் சட்டங்களை ஒட்டி மெல்லிய தாளைப் போர்த்திச் சிறு விமானம் செய்து பறக்கவிடுவதை, இன்று பலர் சிறுவர் விளையாட்டு என்றே எண்ணுகின்றனர். ஆனால் மனிதன் வானத்தைக் கற்ற பள்ளிக்கூடம் அச்சிறு விமானமே.

மாதிரியின் துணையின்றிப் பறக்க முயன்றவர்களுள் நாம் பெருமையோடு நினைவுகூரும் பெயர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் ஆகும். அந்தலுஸின் குர்துபா நகரில் உமையா அமீர்களின் காலத்தில் வாழ்ந்து, கி.பி. 887 இல் (ஹிஜ்ரி 274) மறைந்த அவர், கவிஞர், வானியல் அறிந்தவர், கண்ணாடி செய்யும் நுட்பத்திலும் நீர்க்கடிகார அமைப்பிலும் வல்லவர். இறகுகளைப் போர்த்திக்கொண்டு, சிறகுகள் பூட்டி, கணிசமான தொலைவு அவர் பறந்தார் என்றும், இறங்குகையில் முதுகில் அடிபட்டது என்றும் அல்மக்கரீ தம் ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் எழுதுகிறார். பறவை இறங்குவதற்கு வால் துணைபுரிகிறது என்பதை அறியாமல், தமக்கு வால் அமைக்க மறந்தார் என்பதே அந்நூல் கூறும் காரணம்.

இங்கு ஒன்றை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். அல்மக்கரீ 1632 இல் மறைந்தவர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இப்னு ஃபிர்னாஸின் காலத்தவரான முஃமின் இப்னு ஸயீத் என்னும் கவிஞரின் கவிதையடி ஒன்று, அவர் கழுகின் இறகணிந்து பறந்ததைக் குறிப்பிடுவதால், செய்தி முற்றிலும் பிற்காலப் புனைவு என ஒதுக்க இயலாது. எனினும் பறந்த தொலைவு, நேரம், ஆண்டு எனப் பிற்காலத்தார் கூட்டிச் சொல்பவற்றை அவ்வாறே ஏற்பதும் முறையன்று. முன்னோரின் பெருமைக்கு மிகை தேவையில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்துள்ள அம்மரபின் அறிவுநேர்மையே போதுமான பெருமையாகும்.

அந்த மறந்துபோன வாலை மனிதகுலம் கண்டெடுத்தது மாதிரி விமானங்களின் வழியாகத்தான். 1804 இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி, ஒரு கம்பின் மீது பட்டத்தைச் சிறகாகப் பொருத்தி, பின்முனையில் திருப்பக்கூடிய வாலை அமைத்து, கையால் எறிந்து சோதித்தார். எடையை முன்னும் பின்னும் நகர்த்தி, நிலைத்தன்மை எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தார். 1871 ஆகஸ்டு 18 அன்று பாரிஸின் துய்லரித் தோட்டத்தில், அல்ஃபோன்ஸ் பெனோ என்னும் இளைஞர் முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 வினாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் அது தானே நிலைபெற்றுப் பறந்தது.

அதன் மறைபொருள் வாலில் இருந்தது. சிறகைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் வாலைப் பொருத்தி, எடையின் மையத்தை முன்னே வைத்தார் பெனோ. மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் வாலைக் காற்று கீழே அழுத்தும். வால் தாழ மூக்கு தானே எழும். ரைட் சகோதரர்கள் சிறுவயதில், 1878 இல், தந்தை வாங்கித் தந்த ரப்பர் இழைப் பறக்கும் பொம்மையால் ஆர்வம் பெற்றவர்கள். அவர்களது 1903 ஆம் ஆண்டு விமானத்தில் ஏற்ற இறக்கச் சுக்கான் முன்புறம் இருந்தது. அது எளிதில் தலை குனிந்தும் நிமிர்ந்தும் தடுமாறியது. 1910 இல் அவர்களும் அதனைப் பின்னுக்குக் கொண்டுவந்தனர்.

அதே 1910 இல் சென்னையும் விமானம் கண்டது. மவுண்ட் ரோடில் விடுதி நடத்திய ஜாக்கமோ டி ஆஞ்ஜெலிஸ், சிம்சன் நிறுவனத்தில் ஒரு விமானத்தைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார்.

மாதிரி விமானத்துக்குப் பால்சா பொதுவான பொருளானது 1920 களின் இறுதியிலிருந்துதான். அதற்கு முன் மூங்கிலும் கனத்த மரங்களுமே பயன்பட்டன. தென்னமெரிக்காவின் எக்குவடோரில் மிகுதியாக விளையும் பால்சா, ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 160 கிலோ எடையே உடையது. அதாவது நீரின் எடையில் ஆறில் ஒரு பங்கு. சவரத் தகடாலேயே அதனை அறுக்கலாம். சிறகின் குறுக்கு விலாக்களை வெட்டி, நெடுஞ்சட்டத்தில் கோத்து ஒட்டி, தாள் போர்த்தி, மெருகெண்ணெய் பூசி இறுக்கியபின், புல்வெளியில் மெல்ல எறிந்து பார்ப்பர். மூக்கு நிமிர்ந்து தயங்கி விழுந்தால் மூக்கில் சிறிது களிமண் ஒட்டுவர். தலைகுப்புறப் பாய்ந்தால் அதனைக் குறைப்பர். கேய்லி செய்ததும் இதுவே. இங்கே விழுவது சிறு மரத்துண்டு; முறிவது முதுகெலும்பன்று. நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, மாதிரி விமானம் செய்தலைப் பயிற்சியில் சேர்த்திருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இவ்வரலாற்றின் தமிழகத் தொடர்ச்சி இராமேஸ்வரத்தில் உள்ளது. ஆ.ப.ஜை. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, சிறகால் அது எழுவதையும் வாலால் திசை திரும்புவதையும் விளக்கினார். பின் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளையே காட்டினார். தம் வாழ்வின் நோக்கம் அன்று பிறந்தது என்று கலாம் பலமுறை கூறியுள்ளார். பின்னாளில் குரோம்பேட்டை சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயிலச் சேர்க்கைப் பணம் தேவைப்பட்டபோது, தமக்கை ஜொஹரா தம் பொன் நகைகளை அடகு வைத்தார். அக்கல்லூரியில் பாடத்துக்காக நிறுத்தப்பட்டிருந்த, பணி ஓய்ந்த இரு விமானங்களின் அருகே நெடுநேரம் அமர்ந்திருந்ததாகக் கலாம் எழுதுகிறார். அவையும் ஒருவகையில் மாதிரிகளே.

குர்துபாவில் மறக்கப்பட்ட வால், இராமேஸ்வரத்தின் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரையப்பட்டது. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் அவ்வறிவை வளர்த்தவை கம்பும் தாளும் ரப்பர் இழையுமே. நம் பள்ளிகளில் அறிவியல் இன்றும் பெரும்பாலும் மனனம் செய்யப்படுகிறது. செய்து, விழுந்து, திருத்திக் கற்கும் வாய்ப்பு அரிது. மாணாக்கரின் நன்மைக்காகப் பாறையில் மாதிரி பொறித்த மண் இது. ஒரு பால்சாச் சட்டத்தை மாணவன் கையில் தருவது அம்மரபுக்குப் புதிதன்று.